ஊஞ்சல் இருக்கிறதா என்று கேட்டேன்

விலை கேட்பதில்லை நான்.
எத்தனை மணிவரை, என்ன பியர், ஏசி உண்டா,
ஒன்றும் கேட்பதில்லை.
ஊஞ்சல் இருக்கிறதா?
எதிர்முனை கொஞ்சம் யோசிக்கும்.
"மேடம், இது பார்."
தெரியும் தம்பி. ஊஞ்சல் இருக்கிறதா?

ஆறு வருடமாக மாறி மாறித்தான் வெளிக்கிட்டோம்.
துஷ்யந்தன் போகும் சனி நான் பிள்ளையோடு,
நான் போகும் சனி அவன்.
இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து
ஒரே பகிடிக்குச் சிரித்தது எப்போது என்று
கலியாண அல்பத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

முதலாவது பம்பலப்பிட்டி, இரண்டாம் மாடி.
வாசலில் நின்றவர் யாதவியைப் பார்த்தார்,
பிறகு சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார்:
இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோர் உள்ளே வரக்கூடாது.
அவள் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள்.
"எனக்கு இன்னும் பதினைஞ்சு வருசம், அங்கிள்.
நிண்டு பாக்கவா?"

அடுத்த மாதம் தெஹிவளை.
சிறுவர் பகுதி உண்டு என்று சத்தியம் பண்ணினார்கள்.
இருந்தது:
காசு போட்டால் ஆடும் குதிரை ஒன்று.
காசு போட்டோம். ஆடவில்லை.
ஒரு காதில்லை,
முதுகில் காலிப் போத்தல் பெட்டி மூன்று.
யாதவி அதன் கழுத்தைத் தடவி
"இதுக்குக் காய்ச்சல்" என்றாள்.
திரையில் கிரிக்கெட்.
மூலை மேசையில் ஒருவர் தலை திருப்பி
என்னை, கிளாஸை, பிள்ளையை, திரும்ப என்னைப் பார்த்தார்.
அந்த ஒரு பார்வைக்குள்
எங்கள் வெள்ளவத்தை முழுவதும் குடியிருந்தது.
பாதியில் எழும்பினோம்.

மூன்றாவதன் பெயரைச் சொல்லமாட்டேன்,
சொன்னால் அடுத்த சனி எங்களுக்குக் கதிரை கிடைக்காது.
கல்கிசை. அவ்வளவு போதும்.
தண்டவாளம் தாண்டி இறங்கினால் மணல்,
மணலில் டயர் ஊஞ்சல் இரண்டு,
பெயின்ற் உரிந்த சறுக்குமரம்,
கவிழ்த்துப் போட்ட வள்ளம்.
வள்ளத்தின் வயிற்றுக்குக் கீழே
ஏற்கெனவே ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது.
நாலு பிள்ளைகள்:
இரண்டு சிங்களம், ஒன்று தமிழ்,
ஒன்று இன்னும் எந்தப் பாஷையும் தொடங்கவில்லை.
ஐந்து நிமிடத்தில் யாதவியோடு ஐந்து பேரும்
ஒரே பாஷையில் சண்டை பிடித்தார்கள்.

ஊஞ்சல் தெரியும் பக்கம் கதிரையைத் திருப்பி
இரண்டு பியர், நல்ல குளிராக, என்றேன்.
ஆறு வருடத்தை இழுத்துக்கொண்டு வந்தது குரல்.
சட்டையில் சமிந்த என்று பெயர் குத்தியிருந்த பெடியன்
பேனையால் எனக்குப் பின்னால் காட்டினான்.
தண்ணித் தாங்கிக்கும் தென்னைக்கும் நடுவில்
முழுசாக, கொஞ்சமும் வெட்கமில்லாமல்,
நிலா.
"இண்டைக்குப் போயா, அக்கா."

துஷ்யந்தன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.
எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை.
புத்தரோடு கோபிக்க முடியாது,
கலண்டரோடு கோபித்தேன்.
பிறகு ஜிஞ்சர் பியர் இரண்டு,
ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியல்.

அவன் தன் கந்தோர்க் கதையொன்றைத் தொடங்கினான்,
லிஃப்ற்றுக்குள் மாட்டுப்பட்ட கணக்காளரைப் பற்றி.
மூன்று தரம் நான் எழும்பிப் போனேன்.
ஒருக்கால் கண்ணுக்குள் மண்,
ஒருக்கால் காணாமற்போன சப்பாத்து,
ஒருக்கால் சும்மா.
மூன்று தரமும் விட்ட சொல்லிலிருந்தே
திரும்பத் தொடங்கினான்.
கணக்காளர் வெளியே வந்தபோது
ஆறே முக்கால் ரயில் போனது.
பிள்ளைகள் வள்ளத்தில் ஏறிக் கைகாட்டினார்கள்.
மிதிபலகையில் தொங்கியவர்களில் ஒருவர்
பிடித்திருந்த கையையே எடுத்துத் திருப்பிக் காட்ட
எனக்கு நெஞ்சு ஒருகணம் நின்றது.

வேர்வையும் மணலுமாக யாதவி வந்தாள்.
என் கிளாஸை மோந்து பார்த்தாள்.
"இதுதானா அந்தப் பியர்?"
ஓம் என்றேன். அரைப் பொய்.
ஒரு மிடறு. இஞ்சி ஏறி மூக்குச் சுருங்கி
கண்ணில் தண்ணி வந்தது.
"இதுக்கா அம்மா இவ்வளவு தேடினனீங்கள்?"

பதில் யோசிப்பதற்குள்
ஒரு ஊஞ்சல் காலியாகிவிட்டது.